சிட்லபாக்கம் சார் வாங்கிய குவளை

பூந்தமல்லிப் பக்கம் எங்கேயோ ஒரு பாத்திரப் பட்டறையில் ஏதோ வெடித்ததாம். கூரைத் தகரம் பறந்துபோய்ப் பக்கத்துத் தென்னையில் செருகிக்கொண்டு நிற்கிறதாம். பட்டறைக்காரனின் ஒரு செருப்புதான் கிடைத்ததாம். சொன்னவன் ஒரு லாரி கிளீனர். அவனும் கண்ணால் பார்க்கவில்லை, அவனுடைய டிரைவர் சொன்னதுதான். கிளீனர் டீக்கடையில் இறக்கி வைத்துவிட்டுப் போனதை மைதீன் பிச்சை டீயோடு சேர்த்து வாங்கிக்கொண்டு சந்தைக்குள் வந்தார்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை அது. பல்லாவரம் சந்தையில் மதியக் கூட்டம் கலைந்து, வெயிலுக்குப் பயந்தவர்கள் போய், பேரம் பேசத் தெரிந்தவர்கள் மட்டும் மிச்சமிருந்த நேரம். மைதீன் பிச்சைக்குப் பழைய மின்விசிறி வியாபாரம். அவருக்குப் பக்கத்துச் சாக்கு ஏசுபாதத்துடையது. பழைய பித்தளை, வெண்கலம்.

"மச்சான், சேதி கேட்டியா?" என்று ஆரம்பித்து, கூரையில் தொடங்கிச் செருப்பில் முடித்தார் மைதீன் பிச்சை.

"இன்னா வெடிச்சுதாம்?" என்றார் ஏசுபாதம். ஒரு விளக்குத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தன் சிலிண்டர்ன்றான். ஒருத்தன் ஸ்டவ்வுன்றான். கிளீனர் சொல்றது பித்தளைக் குவளை. அடுப்புல வெச்சு சூடு காட்டிகினு இருந்தானாம். டமார்!"

"இன்னா குவளை?"

"நீ விப்பியே, துரைக் குவளை. அது குவளையே இல்லியாம்பா. பீரங்கியில போட்டு சுடுவானுங்களே, அந்தத் தோட்டாவோட ஓடாம். வெள்ளைக்காரன் சுட்டுட்டுக் கடாசினதை நாம பூ ஜாடின்னு வித்துகினு கீறோம்!"

எதிரில் பழைய சீசா விற்கும் பச்சையம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதான் அதுல வெச்ச பூ எல்லாம் பொழுது சாயறதுக்குள்ள செத்துப் போவுது போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஏசுபாதம் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சட்டென்று சிரிக்கிற ஆள் இல்லை என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஏசுபாதத்தைப் பற்றிச் சந்தையில் கேட்டால் முதலில் வரும் சொல் பயந்தாங்கொள்ளி என்பதுதான். பம்மலில் வீடு. மீசை முளைக்கும் வயசில் பாத்திரப் பாலிஷ் பட்டறையில் சேர்ந்து, சுழலும் சக்கரத்தின் தூசியை ஆண்டுக்கணக்கில் மூச்சாக இழுத்து, நெஞ்சு கெட்டுப்போய் வெளியே வந்தவர். பித்தளையைத் தவிர வேறெதுவும் தெரியாததால் வீடு வீடாகப் போய்ப் பழைய பித்தளை வாங்கி வெள்ளிக்கிழமைகளில் சந்தையில் விரித்தார். ஆரம்பத்திலேயே ஒருவனிடம் கைமணி ஒன்றை வாங்கித் தொலைத்தார். அது ஏதோ ஒரு கோயிலில் களவு போன மணி. போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. "உட்காரு. எங்கேயும் போகாதே" என்று ஒரு பெஞ்சைக் காட்டிவிட்டு அவரை மறந்துவிட்டார்கள். மறுநாள் யாருக்கோ ஞாபகம் வந்து, போ என்றார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் பிறகு அவர் உடம்பை விட்டு இறங்கவேயில்லை. காக்கிச் சட்டையைத் தூரத்தில் பார்த்தாலும் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுவார்.

அதற்குப் பிறகு சாமி சிலை வாங்கமாட்டார். மணி வாங்கமாட்டார். விற்க வருகிறவன் அவசரப்பட்டால் வாங்கமாட்டார். எந்த வீட்டுச் சாமான், ஏன் விற்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவார். "இந்த மனுசன் தன் நெழலு கிட்டயே பில்லு கேப்பாரு" என்று அவர் மனைவி ஜெயசீலி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

பயம் அவரை நாணயஸ்தராக்கி வைத்திருந்தது. பழைய பித்தளையில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. உள்ளே கூடாக இருக்கும் விளக்குத் தண்டிலும் குவளையிலும் அரக்கை உருக்கி ஊற்றி, வாயை அடைத்து, எடையை ஏற்றி விற்றுவிடுவார்கள். ஏசுபாதம் அந்த மாதிரி வந்த சரக்கை வியாழக்கிழமையே அடுப்பில் காட்டி, அரக்கை இளக்கி வடித்துவிட்டு, வெறும் பித்தளையைத்தான் தராசில் வைப்பார். அந்த வேலைக்காகவே அவரைத் தேடி வருகிற வாடிக்கை உண்டு.

அந்த வாடிக்கையில் ஒருவர்தான் சிட்லபாக்கம் சார்.

அன்றைக்குக் காலையில் ஏசுபாதம் சாக்கை விரித்துக்கொண்டிருந்தபோதே மீன்பாடி வண்டிக்காரன் ஒருவன் வந்து, தாம்பரத்தில் இடிக்கிற பழைய பங்களாவிலிருந்து எடுத்ததென்று ஒரு உருளையை இறக்கினான். எந்தத் தெரு, யார் இடிக்கிறது, மேஸ்திரி யார் என்று ஏசுபாதம் வழக்கம்போலக் குடைந்தார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்க வைத்திருந்ததாம். மேலெல்லாம் பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்தது. சுரண்டினால் உள்ளே தங்கம்போலப் பித்தளை. துரைக் குவளைதான். ஆனால் நல்ல கனம். வாயில் தக்கைபோல ஏதோ வைத்து மெழுகு பூசி அடைத்திருந்தது. ஏசுபாதம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்: அரக்கு.

அதை ஓரமாக வைப்பதற்குள் சிட்லபாக்கம் சார் துணிப்பையோடு வந்து நின்றார். ரிட்டையர் ஆனவர். பளிச்சென்று வெள்ளைச் சட்டை.

"வாங்க சார். நீங்கதான் போணி."

"கடையே இன்னும் விரிக்கலை, அதுக்குள்ள போணியா? அது என்னய்யா அந்தப் பச்சை உருளை? போன மாசம் நான் வாங்கிட்டுப் போனேனே, அது மாதிரியே இருக்கே!"

"அதேதான் சார். ஆனா இதை இன்னைக்கு உங்களுக்குத் தரமாட்டேன். உள்ள அரக்கு கீது. அடுத்த வெள்ளிக்கு வாங்க, காலி பண்ணி பளபளன்னு தரேன்."

"அடுத்த வெள்ளியா? ஞாயித்துக்கிழமை என் பொண்ணு மஸ்கட்லேர்ந்து வர்றா. இன்னொண்ணு கிடைச்சா ஜோடியா எடுத்துட்டுப் போவேன்னு லெட்டர்ல எழுதியிருக்கா. நீ கொடு, நானே பண்ணிக்கறேன். எப்படின்னு மட்டும் சொல்லு."

முதல் வியாபாரத்தை முறித்து அனுப்பினால் அன்றைய நாளே போச்சு என்பது சந்தையில் குழந்தைக்கும் தெரியும். ஏசுபாதம் கொடுத்தார். அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டார். "பாருங்க சார், நடுவுல இந்தப் பொட்டு. எப்பவும் இது நசுங்கிக் குழிஞ்சுதான் கெடைக்கும். எவ்வளோ தேச்சாலும் போவாது. இது ஒரு அடி படாத சரக்கு."

பிறகு செய்முறை சொன்னார். "ஸ்டவ்வைச் சின்னதா வெச்சுக்குங்க. குவளையைப் படுக்க வெச்சுத் திருப்பித் திருப்பிக் காட்டுங்க. மொதல்ல வாயில இருக்கிற மெழுகு எளகும். உள்ளேர்ந்து புகை வந்தா பயப்படாதீங்க, அரக்கு அப்படித்தான் புகையும். விட்டுட்டுப் போயிடாதீங்க, பக்கத்துலயே இருங்க."

"சாயந்தரம்தான் பண்ணணும். ஆடி வெள்ளி, காலையிலே அடுப்புகிட்ட விடமாட்டா எங்க வீட்டுல. விளக்கேத்தறதுக்குள்ள முடிச்சுடறேன்." இன்னும் இந்த மாதிரி ஏதாவது வந்தால் சொல்லும்படி, மைதீன் பிச்சையின் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, தன் ஃபோன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் சார்.

காலையில் இவ்வளவுதான் நடந்தது.

இப்போது ஏசுபாதம் புளிக்கையை வேட்டியில் துடைத்தார். சாக்கின் மூலையில் சின்னதாக ஒரு துரைக் குவளை விற்காமல் கிடந்தது. அதை எடுத்துக் கவிழ்த்தார். அடியில் நடுவே பொட்டு. பொட்டின் நடுவே குழி. ஏதோ ஒன்று வந்து ஓங்கிக் குத்தின குழி.

பீரங்கியில் போட்டுச் சுடுவார்கள் என்றால், ஏதோ ஒன்று வந்து குத்தினால்தானே சுடும். குழி விழுந்தது சுட்டது. குழி விழாதது?

அந்த யோசனை முடிவதற்குள் குவளையைப் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டார்.

"மச்சான்," என்றார். "காலைல சார் எடுத்துகினு போனது சுடாததுடா."

"எது?"

"குழி இல்லடா. அடியில குழி இல்ல. உள்ள கனமா இருந்தது அரக்கு இல்லடா. அடுப்புல வெக்கச் சொல்லிக்கீறேன். பக்கத்துலயே இருன்னு சொல்லிக்கீறேன்!"

மைதீன் பிச்சையின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது. "தே, நான் ஏதோ டீக்கடைப் பேச்சை... உண்மையா பொய்யான்னே தெரியாது..." என்று இழுத்தார். பிறகு தன் சாக்கைத் தாண்டி வந்து அந்த அட்டைத் துண்டைத் தேடி எடுத்து நீட்டினார். "ஓடு. பூத்துக்கு ஓடு."

சந்தை முனை பூத்தில் மணி போனது. யாரும் எடுக்கவில்லை. திரும்பப் போட்டார்கள். எடுக்கவில்லை.

"போலீஸ்ல சொல்லிடலாமா?" என்றார் பின்னாலேயே வந்து நின்ற மைதீன் பிச்சை. சொன்னவர் உடனே தரையைப் பார்த்தார். அது குண்டு என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்லாத காலம். போன வருஷம் தேர்தல் கூட்டத்தில் வெடித்ததற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் கேட்பாரற்றுக் கிடந்த சாப்பாட்டுத் தூக்கைக்கூட ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். மைதீன் பிச்சை ஸ்டேஷன் படியேறி அந்தச் சொல்லைச் சொன்னால் முதலில் யாரை உட்கார வைப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஏசுபாதம் சொன்னால் மட்டும்? விற்றவன் அவர்.

"வாணாம். நான் நேரா போயிடறேன்," என்றார் ஏசுபாதம். "நீ இங்கேர்ந்து போட்டுகினே இரு."

நம்பரைக் கைமேல் பேனாவால் எழுதிக்கொண்டு ரயிலேறினார். சிட்லபாக்கத்துக்கு இறங்க வேண்டிய குரோம்பேட்டை அடுத்த ஸ்டேஷன்தான். வாசற்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு, யார் வீட்டுப் பின்கட்டிலாவது புகை தெரிந்தால் அதுதானோ என்று இருந்தது. சார் இப்போது துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொன்னபடி செய்கிற மனுஷர். ஸ்டவ்வைச் சின்னதாகத்தான் வைப்பார். திருப்பித் திருப்பித்தான் காட்டுவார். புகை வந்தால் பயப்படமாட்டார். ஆயுசில் முதல் தடவையாக ஒரு ஆளைப் பார்த்து பயப்படாதே என்று சொன்னோமே, அதுவா இது என்று ஏசுபாதம் தலையைக் கம்பியில் மோதிக்கொண்டார். பக்கத்தில் நின்றவர் நகர்ந்து கொண்டார்.

தண்டவாளத்தைத் தாண்டிச் சிட்லபாக்கம் ரோட்டில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனார். நெஞ்சு விசிலடித்தது. ஏரிக்கரை வந்தபோதுதான் அவருக்கு உறைத்தது: சாருடைய பேர் தெரியாது.

சந்தையில் யாரும் பேர் கேட்பதில்லை. சேலையூர் அக்கா, பள்ளிக்கரணை அண்ணன், சிட்லபாக்கம் சார். பேரைக் கேட்டால் வாங்க வந்தவர் என்னமோ ஏதோ என்று நினைப்பார். விற்கிறவனும் தன் பேரைச் சொல்லமாட்டான். அவரவர் வீட்டுப் பழசை அவரவர் விற்கிற இடத்தில் அது ஒரு மரியாதை. எத்தனையோ வெள்ளிக்கிழமைகளாக அவரோடு பேசியிருக்கிறார். மகள் மஸ்கட்டில் இருப்பது தெரியும், சர்க்கரை இருப்பது தெரியும். பேர் தெரியாது, தெரு தெரியாது.

தண்ணீர்க்குடத்தோடு வந்த ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டார். "பழைய பித்தளை எல்லாம் வாங்குவாரே ஒரு சாரு, வெள்ளைச் சட்டை..."

"இங்க எல்லாரும் வெள்ளைச் சட்டைதாங்க," என்று அவள் போய்விட்டாள்.

அப்போதுதான் முதல் வெடி கேட்டது. ஏசுபாதம் ரோட்டிலேயே குந்திவிட்டார். கைகள் தாமாகவே தலைக்கு மேல் போயிருந்தன. இரண்டாவது வெடி, மூன்றாவது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "என்னங்க, மயக்கமா? அம்மன் கோயில்ல ஆடி வெள்ளி வேட்டு," என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கோயில் பக்கமிருந்து பம்பைச் சத்தமும் வந்தது. இனிமேல் எது கேட்டாலும் எதுவென்று எப்படித் தெரியும்? சத்தம் வந்தாலும் ஜனங்கள் கோயில் வேட்டு என்றுதானே இருப்பார்கள்?

மெயின்ரோட்டில் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு இளம்பெண். சுவரில் ஊன்றுகோல் சாய்த்திருந்தது. கிருபா டெலிபோன்ஸ் என்று பலகையில் இருந்தது. கிருபா அவளேதான்.

"எந்த ஊருக்கு அண்ணா?"

"இங்கேயேதாம்மா." கையை நீட்டிக் காட்டினார். வியர்வையில் நம்பர் கசியத் தொடங்கியிருந்தது.

அவள் போட்டாள். "ரிங் போகுது. எடுக்கலை. கோயிலுக்குப் போயிருப்பாங்க அண்ணா, இன்னைக்கு ஊரே அங்கதான். யார் வீடு?"

"சிட்லபாக்கம் சார் வூடு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க இருக்கறவங்க எல்லாருமே சிட்லபாக்கம் சார்தானே!"

"நம்பரை வெச்சு வூடு கண்டுபுடிக்க முடியாதாம்மா?"

"பேர் தெரிஞ்சா டைரக்டரியில நம்பர் பார்க்கலாம். நம்பரை வெச்சு எக்ஸ்சேஞ்சுலதான் சொல்ல முடியும், நமக்கெல்லாம் சொல்லமாட்டாங்க. போலீஸ் கேட்டா சொல்லுவாங்க." பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "என்ன அண்ணா விஷயம்?" என்றாள்.

வெளியே வெயில் மஞ்சளாகி இருந்தது. எதிர்வீட்டு வாசலில் ஒரு அம்மாள் சாயந்தரக் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஏசுபாதம் வாயைத் திறந்தார். வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். இப்படியே திரும்பிப் பல்லாவரம் போய்ச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் பேரும் சாருக்குத் தெரியாதே. அந்த நினைப்பு வந்ததுதான் அன்றைக்கு வந்த பயங்களிலேயே பெரிசாக இருந்தது.

"அவருக்கு நான் ஒரு குண்டை வித்துட்டேம்மா," என்றார். "தெரியாம வித்துட்டேன். பூ ஜாடின்னு நெனச்சு. அவரு அதை அடுப்புல வெக்கப் போறாரு."

வரிசையில் நின்றிருந்த ஒரு ஆள் பூத்தை விட்டு வெளியே போய், எதிர்ச் சாரியில் நின்றுகொண்டான். கிருபா போகவில்லை. அவளால் சட்டென்று போகவும் முடியாது. அவள் கை மட்டும் போலீஸ் நம்பர் நூறைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ரிசீவரை அவரிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

எடுத்த குரல் அலுப்பாக இருந்தது. ஏசுபாதம் எல்லாவற்றையும் கொட்டினார். குரலின் அலுப்பு போய்விட்டது.

"யோவ், குடிச்சிருக்கியா?"

"இல்ல சார். அவரு ஃபோன் நம்பரை எழுதிக்கோங்க சார். அந்த வூடு எங்க கீதுன்னு கேட்டு ஓடுங்க சார்."

"உன் பேர் என்ன?"

பத்து வருஷமாக இந்தக் கேள்விக்குப் பயந்துதான் மணி வாங்கவில்லை, சிலை வாங்கவில்லை, பொழுது சாய்ந்தபின் எதையுமே வாங்கவில்லை.

"ஏசுபாதம் சார். அப்பா பேரு சவுரிமுத்து. பம்மல். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பித்தளை வியாபாரம்."

"எங்கேருந்து பேசறே?" பூத்தின் பேரைச் சொன்னார். "எக்ஸ்சேஞ்சுல கேட்டு ஆள் அனுப்பறோம். நீ அங்கேயே உட்காரு. எங்கேயும் போகாதே."

"போவமாட்டேன் சார்."

கிருபா ஒரு ஸ்டூலைத் தள்ளினாள். ஏசுபாதம் உட்காரவில்லை. "அந்த நம்பரைப் போடும்மா. போட்டுகினே இரு. மணி கேட்டா அடுப்பை விட்டு எழுந்து வருவாருல்ல."

அவள் போட்டாள். ரிசீவரை வாங்கி அவரே காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் மணி அடித்தது. விட்டு விட்டு, நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல் அடித்தது. கோயில் பக்கம் ஒரு வேட்டு. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மணி நிற்கவில்லை.

"அடிக்குதும்மா," என்றார். "மணி அடிக்குதுன்னா வூடு நல்லாத்தானே கீதுன்னு அர்த்தம்?"

"லைன் அறுந்து கிடந்தாலும் இந்தப் பக்கம் அப்படித்தான் அண்ணா கேட்..." என்று சொல்ல வந்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நெடுநேரம் யாரும் எடுக்காததால் தானாகவே தொடர்பு அறுந்தது. எதிர்வீட்டு அம்மாள் விளக்கேற்ற உள்ளே போய்விட்டிருந்தாள்.

"மறுபடி போடும்மா," என்றார் ஏசுபாதம்.

கிருபா போட்டாள். மணி போனது.